பூஜ்யத்திற்குத் திரும்பும் முள்: ஒரு குவார்ட்ஸ் கிரோனோகிராஃப் கைக்கடிகாரம், பதினான்கு மாதங்களுக்குப் பின்

கைக்கடிகார மதிப்பீடுகளில் பெரும்பாலானவை முகப்பின் நிறம், உறையின் விட்டம், வாரின் தோல் ஆகியவற்றைப் பேசி முடிந்துவிடுகின்றன. கடிகாரம் பெட்டியிலிருந்து வெளியே வந்த அன்று எழுதப்படுவதால் அவற்றுக்கு அதற்கு மேல் பேச எதுவும் இருப்பதில்லை. நான் எழுதப்போகும் கிரோனோகிராஃப், அதாவது நிறுத்துக்கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம், பதினான்கு மாதங்களாக என் இடக்கையில் இருக்கிறது. இதற்குள் அதற்கு ஒருமுறை பேட்டரி மாற்றப்பட்டுவிட்டது, ஒருமுறை தரையில் விழுந்துவிட்டது, நான் அவசரத்தில் செய்த ஒரு தவறால் அதன் நடுமுள் இரண்டு நாட்கள் பொய் சொல்லிக்கொண்டும் இருந்தது. ஆகவே அழகைப் பற்றிய கருத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறேன்: அடர்நீல முகப்பும் துருப்பிடிக்காத எஃகு உறையும் பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. மீதி முழுவதும் இதை நேரத்திற்குப் பொருத்துவதையும், தேதி மாற்றுவதையும், முட்களைப் பூஜ்யத்தில் நிறுத்துவதையும் பற்றியது. ஏனெனில் கிரோனோகிராஃப் வாங்குகிறவர் நாள்தோறும் எதிர்கொள்ளப்போவது அவற்றைத்தான்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் இயக்கம், அதாவது முட்களை ஓட்டும் பொறி, வேறொரு தொழிற்சாலையில் செய்யப்பட்டு, பல பெயர்களைத் தாங்கிய பல கடிகாரங்களுக்குள் செல்லும் வகையைச் சேர்ந்தது. முகப்பில் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும் குமிழை இழுக்கும் முறையும் பொத்தானை அழுத்தும் முறையும் ஒன்றுதான். எனவே இந்த மதிப்பீட்டை ஒரு கடிகாரத்துக்கானதாக அல்லாமல் அந்த வகைக்கானதாகவும் படித்துக்கொள்ளலாம்.

அமைப்பு இது. மையத்தில் மணி முள், நிமிட முள் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு நீண்ட, மெல்லிய முள் உண்டு. முதன்முறை இதைக் கட்டிக்கொள்பவர் அந்த மூன்றாம் முள் அசையாமல் பன்னிரண்டில் நிற்பதைக் கண்டு கடிகாரம் ஓடவில்லை என்றே நினைப்பார். என் வீட்டில் இருவர் அப்படி நினைத்து என்னிடம் சொல்லியும் விட்டார்கள். அது ஓடும் நேரத்தைக் காட்டும் விநாடி முள் அல்ல, நாம் கேட்கும்போது மட்டும் புறப்படும் அளவை முள். வழக்கமான விநாடி, ஆறு மணிக்கு மேலுள்ள சிறுவட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடப்புறச் சிறுவட்டம் அளவையின் நிமிடங்களை அறுபதுவரை எண்ணுகிறது. வலப்புறச் சிறுவட்டம் இருபத்துநான்கு மணிக் கணக்கைக் காட்டுகிறது. உறையின் வலப்பக்கத்தில் நடுவில் குமிழும், அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தானும் உள்ளன. பழைய தலைமுறையினர் அந்தக் குமிழைச் சாவி என்றே சொல்வார்கள். சாவி கொடுக்கத் தேவையில்லாத கடிகாரத்திலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

குமிழுக்கு மூன்று நிலைகள். உள்ளே அழுந்தியிருப்பது இயல்பு நிலை. ஒருமுறை இழுத்தால் தேதி. இன்னொரு முறை இழுத்தால் நேரம். இந்த மூன்றையும் விரல் நுனியில் தெளிவாக உணர முடிகிறதா என்பதே நான் எந்தக் கைக்கடிகாரத்திலும் முதலில் பார்ப்பது. இதில் முதல் இழுப்பு மிக மென்மையானது. நகத்தைக் கொடுத்துச் சற்று வேகமாக இழுத்தால் முதல் நிலையைத் தாண்டி நேரே இரண்டாம் நிலைக்குப் போய்விடுகிறது. தேதியை மாற்ற நினைத்தவர் நேரத்தையும் கலைத்துவிடுகிறார். இது முதல் மாதத்தில் எனக்கு மூன்று நான்கு முறை நேர்ந்தது. கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றி, உறையை இடக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டு, வலக்கையின் இரு நகங்களால் குமிழின் இரு பக்கங்களிலும் ஒரே அளவு விசை கொடுத்து இழுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கையில் கட்டியபடியே இழுப்பது குமிழின் தண்டை ஒரு பக்கமாக வளைக்கும் என்பதால் அது எப்படியும் தவிர்க்க வேண்டிய பழக்கம்.

நேரத்தைப் பொருத்துவதில் இந்த இயக்கம் பாராட்டுக்குரியது. இரண்டாம் நிலைக்கு இழுத்த கணமே சிறு விநாடி முள் நின்றுவிடுகிறது. அது மிகச் சரியாக அறுபதில் இருக்கும்போது இழுத்து, நிமிட முள்ளை வரவிருக்கும் நிமிடத்தின் கோட்டின் மீது வைத்து, வானொலி நேரக் குறியோ தொலைபேசியின் கடிகாரமோ அந்த நிமிடத்தை அடைந்த நொடியில் குமிழை அழுத்தினால் போதும். பலர் இந்த இடத்தில் ஒரு சிறு தவறைச் செய்கிறார்கள்: விநாடி முள் முப்பதிலோ நாற்பதிலோ இருக்கும்போது இழுத்துவிட்டு நிமிட முள்ளைக் கோட்டின் மேல் வைத்துவிடுகிறார்கள். பிறகு விநாடி அறுபதைத் தொடும்போது நிமிட முள் இரண்டு கோடுகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். நேரம் பத்து பதினேழா பத்து பதினெட்டா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும். கடிகாரத்தில் பழுதில்லை; பொருத்தியவர் கவனிக்கவில்லை என்பதே விஷயம்.

இதைவிட நுட்பமான மற்றொன்று பல்சக்கரங்களுக்கிடையே உள்ள தளர்ச்சி. குமிழைச் சுழற்றி நிறுத்திய பிறகு நிமிட முள் ஓரிரு விநாடித் தூரம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சும்மா ஆடக்கூடிய இடைவெளி பற்களுக்கிடையே இருக்கும். முள்ளை வைத்துவிட்டுக் கடிகாரத்தை ஓடவிட்டால், அந்த இடைவெளி நிரம்பும்வரை நிமிட முள் அசையாமல் நின்று பிறகுதான் நகரத் தொடங்கும். நாம் கோட்டின் மேல் வைத்தது கோட்டுக்குப் பின்னால் போய்விடும். இதற்கு ஜப்பானியக் கையேடுகளில் சொல்லப்படும் வழி எளியது: வேண்டிய நேரத்தைவிட நான்கைந்து நிமிடம் முன்னே கொண்டுபோய், பிறகு பின்னோக்கித் திருப்பிச் சரியான கோட்டில் நிறுத்துவது. இதைச் செய்த நாளிலிருந்து, விநாடி அறுபதில் இருக்கும்போது நிமிட முள் கோட்டின் மேல் ஊசி வைத்தாற்போல் நிற்கிறது. என் கடிகாரத்தோடு வந்த தாளில் இந்த வரி இல்லை.

தேதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை ஒரு மணிக்கும் இடையே குமிழால் தேதியை மாற்றக் கூடாது, ஏனென்றால் அந்த நேரத்தில் தேதி வளையத்தின் பற்களுக்குள் தள்ளும் விரல் ஏற்கெனவே நுழைந்திருக்கும். வெளியிலிருந்து திருப்பினால் மறுநாள் தேதி மாறாமல் போகலாம், விரலே முறியவும் கூடும். முற்பகலா பிற்பகலா என்ற ஐயம் இந்தக் கடிகாரத்தில் எழுவதில்லை, இருபத்துநான்கு மணிச் சிறுவட்டம் அதைத் தீர்த்துவைக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்தச் சிறுவட்டம் இருப்பதற்கு வேறு பயன் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் ஆகிய ஐந்து மாதங்களின் முதல் நாளில் தேதியை நாமே திருத்த வேண்டும். அதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

இனி கிரோனோகிராஃப். மேல் பொத்தான் புறப்படவும் நிற்கவும். கீழ்ப் பொத்தான் நின்ற முள்ளைப் பூஜ்யத்திற்கு அனுப்பவும். அளவை ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முட்கள் அந்த இடத்திலேயே நிற்கும், ஆனால் உள்ளே எண்ணிக்கை தொடரும். மறுபடி அழுத்தினால் முட்கள் விரைந்து ஓடி விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வந்தவரின் நேரத்தையும் இரண்டாவதாக வந்தவரின் நேரத்தையும் ஒரே கடிகாரத்தில் எடுப்பதற்கான ஏற்பாடு இது. நான் இதைப் பயன்படுத்தியது, பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தபோது. முட்கள் பாய்ந்து சென்று தங்கள் இடத்தைப் பிடிக்கும் காட்சியைப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மறுபடி மறுபடி செய்துகாட்டச் சொன்னார்.

பொத்தான்களின் அழுத்தம் சீராக இல்லை. மேல் பொத்தான் தெளிவான சொடுக்கோடு இறங்குகிறது; கீழ்ப் பொத்தான் பஞ்சில் விரல் வைத்தாற்போல் இருக்கிறது, அழுந்தியதா இல்லையா என்பது முள் ஓடினால்தான் தெரியும். இந்த வகை இயக்கத்தில் பொத்தான் செய்வது ஒரு மின்தொடுகையை மூடுவதே. பழைய இயந்திரக் கிரோனோகிராஃபில் நெம்புகோல்களை அசைக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் உறுதியான எதிர்ப்பை இதில் எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆனால் இரண்டு பொத்தான்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கிரோனோகிராஃப் என்ற சொல்லுக்கு நேரத்தை எழுதுவது என்று பொருள். 1821இல் நிக்கோலா ரியூசெக் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் செய்த கருவி, குதிரைப் பந்தயத்தின்போது முகப்பின் மீது மைப்புள்ளி வைத்து உண்மையாகவே நேரத்தை எழுதியது. நேரத்தை எழுதிய பிறகு அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது எப்படி என்பதுதான் அதற்கடுத்த சிக்கலாக இருந்தது. 1844இல் அடால்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற இதயவடிவச் சக்கரம் அதற்கு விடை. முள்ளின் அச்சில் இதயம் போன்ற ஒரு தகடு இருக்கும். சுத்தி போன்ற ஒரு நெம்புகோல் அதன் விளிம்பில் அடித்தால், தகடு எந்த நிலையில் இருந்தாலும் வழுக்கிச் சுழன்று அதன் பள்ளத்தில் வந்து நிற்கும், முள்ளும் பூஜ்யத்திற்கு வந்துவிடும். அந்தப் பொறியமைப்பில் பூஜ்யம் என்பது உலோகத்தில் செதுக்கப்பட்ட இடம்.

என் குவார்ட்ஸ் கடிகாரத்தில் அப்படி எதுவும் செதுக்கப்படவில்லை, அதன் குணமும் குறையும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. அளவை முள்ளைச் சுழற்றுவது ஒரு சிறிய படிநிலை மோட்டார். மாரியஸ் லவே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழித்தோன்றல். ஒரு மின்துடிப்பு வந்தால் அதன் காந்தச் சுழலி அரைச் சுற்றுச் சுற்றும், முள் ஓர் அடி நகரும். மின்சுற்றுக்கு முள் எங்கே நிற்கிறது என்பது தெரியாது. எத்தனை அடி எடுத்து வைக்கச் சொன்னோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் கணக்கை வைத்து, பூஜ்யத்திற்கு வர எத்தனை அடி வேண்டுமோ அத்தனை அடி போ என்று சொல்லும், அவ்வளவுதான். நடுவில் ஓர் அதிர்ச்சியாலோ வலுவான காந்தத்தின் அருகில் இருந்ததாலோ ஓர் அடி தவறிப்போயிருந்தால், மின்சுற்றின் கணக்கில் முள் பூஜ்யத்தில் இருக்கும், நம் கண்ணுக்கு ஐம்பத்தொன்பதில் இருக்கும். கடிகாரம் என் மேசையிலிருந்து விழுந்த அன்று நடந்தது இதுதான். பூஜ்யத்திற்கு அனுப்பும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் முள் அதே தவறான இடத்திற்குத்தான் விசுவாசமாக வந்து நின்றது.

ஆகவே இந்த வகைக் கடிகாரத்தில் பூஜ்யம் எங்கே என்பதை மனிதர் ஒருவர் அவ்வப்போது சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கான முறை கடினமானதல்ல. முதலில் அளவையை நிறுத்தி, கீழ்ப் பொத்தானால் முட்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு குமிழை இரண்டாம் நிலைக்கு இழுக்க வேண்டும். இப்போது மேல் பொத்தானின் வேலை மாறிவிடுகிறது: ஒருமுறை அழுத்தினால் அளவை முள் ஒரு விநாடி முன்னே நகரும், அழுத்திப் பிடித்தால் விரைந்து ஓடும். முள் பன்னிரண்டின் கோட்டை அடைந்ததும் விரலை எடுத்து, நேரத்தையும் சரிசெய்து, குமிழை உள்ளே தள்ளிவிட்டால் அந்த இடத்தையே புதிய பூஜ்யமாக மின்சுற்று ஏற்றுக்கொள்கிறது. முள்ளைப் பின்னோக்கி நகர்த்தும் வழி இல்லை; ஒரு விநாடி தாண்டிவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வர வேண்டும். எனவே ஐம்பத்தைந்து வரை அழுத்திப் பிடித்துவிட்டு மீதி ஐந்து அடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது நல்லது.

இடப்புறச் சிறுவட்டத்தின் நிமிட முள்ளுக்கெனத் தனி மோட்டார் இதில் இல்லை. அது நடுமுள்ளோடு பற்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நடுமுள் பூஜ்யத்தில் நின்றும் நிமிட முள் எட்டில் நின்றால், நடுமுள்ளை ஐம்பத்திரண்டு முறை சுற்றவைத்து நிமிட முள்ளை அறுபதுக்குக் கொண்டுவர வேண்டும். நடுமுள் மட்டும் சரியானதும் வேலை முடிந்தது என்று குமிழை அழுத்திவிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நான் ஏமாந்த இடம் வேறு. கடிகாரம் விழுந்த அன்று மாலை, மேற்சொன்ன முறையைத் தாளில் பார்த்தபடி செய்துகொண்டிருந்தேன். மேல் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தபோது வாசலில் யாரோ அழைத்தார்கள். முள் தானாக வந்து பன்னிரண்டில் நின்றுவிடும் என்ற நினைப்பில், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழை உள்ளே தள்ளிவிட்டு எழுந்து போனேன். முள் இருபத்தாறாம் விநாடியில் நின்றது, அதையே கடிகாரம் பூஜ்யம் என்று நம்பத் தொடங்கியது. இரண்டு நாட்கள், ஒவ்வொரு அளவைக்குப் பின்னும் அது இருபத்தாறுக்கே திரும்பிச் சென்றது. பழுது என்று முடிவுகட்டிக் கடைக்கு எடுத்துச்செல்ல இருந்தேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தாளைப் படித்தபோதுதான், முள் திரும்பிக்கொண்டிருக்கையில் குமிழைத் தள்ளக் கூடாது, தள்ளினால் நின்ற இடமே பூஜ்யமாகக் கொள்ளப்படும் என்ற எச்சரிக்கை, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் கடைசிப் பத்தியில் இருந்தது. செய்முறைக்கு நடுவே தடித்த எழுத்தில் இருந்திருக்க வேண்டிய வரி அது. தாளை எழுதியவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த முறையால் தீராத ஒரு குறையும் உண்டு. முள் முழு அடிகளில் மட்டுமே நகரும் என்பதால், அது இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கும்படி அச்சில் பொருத்தப்பட்டிருந்தால் எந்தப் பொத்தானாலும் அதைக் கோட்டின் மேல் கொண்டுவர முடியாது. ஒரு அழுத்தத்தில் கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பது மறு அழுத்தத்தில் சற்றுப் பின்னால் போகும். எனக்கு வந்த கடிகாரத்தில் நடுமுள் ஏறக்குறைய கால் விநாடி அளவு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நேராகப் பார்த்தால் தெரிகிறது, சற்று இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் மறைந்துவிடுகிறது. முள்ளுக்கும் முகப்புக்கும் இடையே உயர வேறுபாடு இருப்பதால் பார்க்கும் கோணம் மாறினால் காட்டும் விநாடியும் மாறும். இதைச் சரிசெய்ய உறையைத் திறந்து, இயக்கத்தை வெளியே எடுத்து, முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். அது கடிகாரத் தொழிலாளியின் வேலை. கால் விநாடிக்காக அதைச் செய்ய எனக்கு மனமில்லை. வாங்கும்போது பார்க்கத் தவறியது என் பிழை. கடையிலேயே அளவையை ஐந்தாறு முறை ஓட்டி நிறுத்திப் பூஜ்யத்திற்கு அனுப்பி, முள் கோட்டின் மேல் விழுகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பார்த்திருக்க வேண்டும். உறையில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட முக்கியமான சோதனை இது.

இந்த இடத்தில் மற்ற வகைகளோடு ஒப்பிடுவது நியாயம். ஜப்பானிய நிறுவனமான சைக்கோவின் (Seiko) விகே63 போன்ற கலப்பு இயக்கங்களில் நேரம் குவார்ட்ஸால் ஓடுகிறது, அளவைப் பகுதியில் மட்டும் பழைய இதயவடிவத் தகடும் சுத்தியும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் முள் கண் இமைக்கும் நேரத்தில் பூஜ்யத்தில் வந்து விழுகிறது. அளவை ஓடும்போதும் விநாடிக்கு ஐந்து அடிகள் வைப்பதால் ஏறக்குறைய வழுக்கிச் செல்வதுபோல் இருக்கிறது. அங்கே பூஜ்யத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அது பிசகினால் நாமே திருத்தவும் முடியாது. மறுபுறம், ஒவ்வொரு அளவை முள்ளுக்கும் தனித்தனி மோட்டார் வைத்த குவார்ட்ஸ் கிரோனோகிராஃப்கள் உள்ளன. 1983இல் வந்த சைக்கோ 7ஏ28, முட்களால் காட்டும் முதல் குவார்ட்ஸ் கிரோனோகிராஃப், இந்த வழியைத்தான் எடுத்தது. அத்தகையவற்றில் எந்த முள் பிசகியதோ அதை மட்டும் திருத்தலாம், ஐம்பத்திரண்டு சுற்றுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நிலையில் எந்தப் பொத்தான் எந்த முள்ளை நகர்த்தும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கடிகாரம் இவற்றுக்கெல்லாம் கீழ்ப்படியில் நிற்பது. ஒரு விநாடிக்கு ஓர் அடி என்ற அதன் நடையில் பத்தில் ஒரு பங்கைப் படிக்க முடியாது. ஆயினும் ஒரு பொத்தானால் எல்லாவற்றையும் திருத்திவிட முடிகிற எளிமை அதற்கே உரியது.

நேரத்துல்லியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் இசைக்கவை வடிவக் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். 1969 டிசம்பர் 25இல் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சைக்கோ அஸ்ட்ரானில் அந்த எண் 8,192 ஆக இருந்தது. மாதத்திற்கு இருபது விநாடி முன்பின்னாகலாம் என்கிறது என் தாள். என் கணக்கில் பத்து விநாடியைத் தாண்டிய மாதம் எதுவுமில்லை. கையில் கட்டாமல் குளிரான அலமாரியில் விட்டுச்சென்ற காலத்தில் சற்றுப் பின்தங்கியது. அதற்குக் காரணம் படிகத்தின் இயல்பு: ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸில் மிக வேகமாக அதிரும் அது, அதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகிறது. பத்து டிகிரி விலகினால் நாளொன்றுக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழப்பு. இருபது டிகிரி விலகினால் அது நான்கு மடங்காகி ஒரு விநாடியைத் தாண்டிவிடும். மணிக்கட்டின் சூடு படிகத்தை அதற்குப் பிடித்த வெப்பநிலையின் அருகிலேயே வைத்திருப்பதால், கட்டிக்கொண்டே இருப்பதுதான் இதைச் சரியாக ஓடவைக்கும் வழி. வேகத்தைக் கூட்டிக் குறைக்க நமக்கு எந்தத் திருகும் தரப்படவில்லை. நாமே திருத்தக்கூடியது காட்டும் நேரத்தை மட்டும்தான், ஓடும் வேகத்தை அல்ல.

பேட்டரியைப் பற்றிய என் அனுபவம் கசப்பானது, ஆனால் அது கடிகாரத்தின் குற்றமன்று. அளவையை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டுகள் வரும் என்று தாளில் எழுதியிருந்தது. நானோ முதல் சில மாதங்கள் புதிய விளையாட்டுப் பொருள் கிடைத்த குழந்தையைப்போல் அளவையை நாள் முழுவதும் ஓடவிட்டேன். தவிர, கடையில் எத்தனை காலம் காத்திருந்த பேட்டரியோ தெரியாது. பதினோராம் மாதம் சிறு விநாடி முள் இரண்டிரண்டு விநாடிகளாகத் தாவத் தொடங்கியது. பேட்டரி தீரப்போகிறது என்பதை அது சொல்லும் முறை இது. பழுது என்று பதற வேண்டியதில்லை. மாற்றிக் கொடுத்தவர் கடிகாரத்தை மூடித் துடைத்துத் தந்தபோது ஓடிக்கொண்டிருந்தது, நேரமும் சரியாக இருந்தது. வீட்டிற்கு வந்து அளவையை ஓட்டிப் பார்த்தபோது நடுமுள் நான்காம் விநாடிக்கும் நிமிட முள் பதினொன்றுக்கும் திரும்பின. பேட்டரி எடுக்கப்பட்டபோது மின்சுற்று தன் எண்ணிக்கையை இழந்துவிடும். பேட்டரி மாற்றியவுடன் பூஜ்யத்தைப் பொருத்துவது அந்த வேலையின் பகுதி. அதை அவர் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. பேட்டரியின் வகையையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. 9.5 மில்லிமீட்டர் விட்டமும் 2.7 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரே அளவு வெள்ளி ஆக்சைடு பேட்டரி எஸ்ஆர்927எஸ்டபிள்யூ என்றும் எஸ்ஆர்927டபிள்யூ என்றும் இரு வகையாக வருகிறது. முன்னது குறைந்த மின்னோட்டத்திற்கு, பின்னது அதிக மின்னோட்டத்திற்கு. இரண்டும் பள்ளத்தில் பொருந்தும் என்பதால் கையில் கிடைத்ததைப் போட்டுவிடும் பழக்கம் உண்டு. பின்மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ குறிக்கப்பட்ட எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.

உறையின் வளையத்தில் வேகமானி அளவுகோல் அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கல்லில் அளவையைத் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்தினால் முள் காட்டும் எண்ணே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். 3,600ஐ விநாடிகளால் வகுத்த கணக்குதான் அது. முப்பத்தாறு விநாடி ஆனால் நூறு, நாற்பத்தைந்து ஆனால் எண்பது. இரயிலில் சன்னலோரம் அமர்ந்து இரண்டு முறை செய்து பார்த்தேன், மூன்றாம் முறை செய்யத் தோன்றவில்லை. மழையில் நனைந்தாலும் கை கழுவினாலும் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஈரமாக இருக்கும்போது பொத்தான்களையும் குமிழையும் தொடக் கூடாது, ரப்பர் வளையங்கள் அசையும் அந்தக் கணத்தில்தான் நீர் உள்ளே போகும்.

இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: விநாடிக் கணக்கில் எதையாவது அடிக்கடி அளக்க வேண்டியவர், குமிழையும் பொத்தானையும் பொறுமையாகக் கையாளும் விரல்கள் உள்ளவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். மூன்றாம் முள் அழகுக்காக மட்டும் வேண்டும் என்பவருக்கு, அது ஒருநாள் பிசகி நிற்கும்போது எரிச்சல்தான் மிஞ்சும். அவருக்குச் சாதாரண மூன்று முள் கடிகாரமே போதும். சுத்தியின் அடியில் முள் பாய்ந்து வருவதை ரசிப்பவர் சற்றுக் கூடுதலாகச் செலவழித்துக் கலப்பு இயக்கம் உள்ளதைத் தேடட்டும். எது வாங்கினாலும், பேட்டரி மாற்றக் கொடுக்கும்போது மூடியை அழுத்தி மூடியவுடன் கையில் வாங்கி, அந்த இடத்திலேயே அளவையை ஒருமுறை ஓட்டி நிறுத்தி, இரண்டு முட்களும் பூஜ்யத்திற்கு வருகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.